பிள்ளைகள் அம்மாவோடு லண்டனில். விவாகரத்தான அப்பா பெங்களூரிலிருந்து அங்கேயே குடிபோக என்ன வழி?

தாராளமாகப் போகலாம். 'ஆம்பளை இதுக்காக வேலையை விடுவானா' என்று கேட்கிற சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். வாட்ஸ்அப் திரையில் மட்டும் அப்பா இருந்தால் பிள்ளைக்குப் போதாது. ராஜினாமாவை மட்டும் கடைசியில் கொடுங்கள்.

பிள்ளையைக் காட்டி விசா வாங்கித் தருகிறேன் என்கிற ஏஜென்டை நம்பாதீர்கள். பிரிட்டனில் பெற்றோருக்கான விசா இருப்பது உண்மைதான். ஆனால் இங்கிருந்து விண்ணப்பிக்க, பிள்ளை அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றிருக்க வேண்டும். அம்மா ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் (அங்குள்ள கம்பெனி ஸ்பான்சர் செய்து தரும் வேலை விசா) போயிருந்து, பிள்ளைகள் அவருடைய டிபென்டென்ட் என்றால் அந்த வழி இப்போதைக்குக் கிடையாது.   ஆக, உங்கள் வேலையை வைத்துத்தான் போக வேண்டும். கம்பெனியே மாற்றல் கொடுத்தால் எந்த விசா என்று முதலில் கேளுங்கள். குளோபல் பிசினஸ் மொபிலிட்டி என்கிற கம்பெனி மாற்றல் விசாவில் அனுப்பினால் அது நேரடியாக நிரந்தர வசிப்புரிமைக்குக் கொண்டுபோகாது. ஸ்கில்டு ஒர்க்கரில் போடச் சொல்லி வற்புறுத்துங்கள். அதிலும் வேலை போனால் வேறு ஸ்பான்சர் தேட வழக்கமாக 60 நாள்தான் தருவார்கள்.

இங்கே பலர் சிக்குவது 498ஏ-யில், அதாவது மனைவியைக் கொடுமைப்படுத்தியதாகப் போடும் கிரிமினல் வழக்கில் (2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அது பிஎன்எஸ் 85). பரஸ்பர விவாகரத்து ஒப்பந்தத்தில் 'வழக்கை வாபஸ் பெறுகிறேன்' என்று எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். சமரசம் ஆகிவிட்டது என்று கீழ்க்கோர்ட்டில் சொல்லி முடிக்கிற வகை வழக்கு இல்லை அது. ஹைகோர்ட்டில் குவாஷ் (ரத்து) செய்தால்தான் தீரும். அதுவரை போலீஸ் கிளியரன்ஸும் பாஸ்போர்ட் புதுப்பித்தலும் இழுத்தடிக்கும். சித்தையா ரோடு நியாய தேகுலாவில் (பெங்களூர் குடும்ப நீதிமன்றம்) விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் எடுக்கும்போதே நாலைந்தாக வாங்கிவிடுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்கும் நேரத்தை 'இருவருக்கும் வசதியானபோது' என்று ஒப்பந்தத்தில் எழுத விடாதீர்கள். கிழமை, மணி, அதுவும் லண்டன் நேரப்படி வேண்டும். அங்கே மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுவார்கள். மாலை மூன்றரைக்குப் பள்ளி விட்டால் நமக்கு கோடையில் இரவு எட்டு, குளிரில் ஒன்பது. இந்திய நேரப்படி எழுதினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சண்டைதான்.

இந்த ஒப்பந்தத்தை வைத்து இங்குள்ள கோர்ட் போடும் உத்தரவு இங்கிலாந்தில் தானாகச் செல்லாது. முன்னாள் மனைவி ஒத்துழைத்தால் நல்லது. இல்லாவிட்டால் அங்கே முதலில் மீடியேஷன் சந்திப்பு, பிறகு சி100 படிவம் (பிள்ளையைப் பார்க்க உத்தரவு கேட்டு கோர்ட்டில் கொடுக்கும் விண்ணப்பம்). பிள்ளை பிறந்தபோது நீங்கள் கணவன் மனைவி என்றால், அந்நாட்டுச் சட்டப்படி உங்களுக்கும் பெற்றோர் பொறுப்பு உண்டு. கோர்ட் தடுத்திருந்தால் ஒழிய, மார்க் ரிப்போர்ட்டைப் பள்ளியிடம் நீங்களே எழுதிக் கேட்கலாம். அம்மாக்களுக்கு எதிராகச் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்களுக்கு உள்ள அதே உரிமைதான் இது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விவாகரத்தான ஆண் என்றாலே பெங்களூரில் வீட்டுக்காரர்கள் முகம் மாறுகிறது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கும்போது மட்டும் மாறுவதில்லை. காலி செய்கையில் பெயின்டிங், கிளீனிங் என்று பிடித்துக்கொள்வார்கள். லண்டனில் வீடு பிடிக்க அந்தப் பணம்தான் உதவும். நோட்டீஸை எழுத்தில் கொடுத்து, விமானம் ஏறுமுன் வாங்கிவிடுங்கள்.

அங்கே வீடு ஆபீஸுக்குப் பக்கத்தில் வேண்டாம், பள்ளிக்குப் பக்கத்தில் பாருங்கள். பிள்ளைகள் இரவு தங்க ஒரு தனி அறை இருக்கட்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கூட்டிவர நினைத்தால் அம்மாவின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள். ஒரு பெற்றோர் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போன பிள்ளையைத் திருப்பி அனுப்ப வகைசெய்யும் 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. 'கூட்டிப்போனால் திரும்ப வரமாட்டார்' என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் சொல்வது இதைத்தான். திரும்பும் டிக்கெட்டும் தங்கும் முகவரியும் முன்கூட்டியே அம்மாவின் கையில் இருந்தால் அந்த வாதம் பெரும்பாலும் வலுவிழக்கும்.