அட்டை உங்கள் பெயரில், காய் யார் காட்டுடையது?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஒன்றரை ஏக்கர் தோட்டம் பார்க்கிறோம். அரை ஏக்கர் அப்பா பெயரில் பட்டா, மீதி ஒரு ஏக்கர் குத்தகை. உழவர் சந்தை அட்டையில் கத்திரி, வெண்டை மட்டும்தான் பதிந்திருக்கிறது. குத்தகைக் காட்டில் சின்ன வெங்காயம் நிற்கிறது, அதை விற்கலாமா? பக்கத்துத் தோட்டத்துத் தக்காளியையும் சேர்த்து எடுத்துப் போகலாமா? சந்தைக்குள் பத்துப் பேர் கத்திரி வைத்திருக்கிறார்கள். வாசலில் தள்ளுவண்டிக்காரர்கள் கிலோவுக்கு ஆறு ரூபாய் குறைத்து விற்கிறார்கள். "அட்டையை என்னிடம் கொடுத்துவிடுங்கள், மாதம் மூவாயிரம் தருகிறேன்" என்று ஒரு வியாபாரி வேறு கேட்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டையைக் கொடுக்காதீர்கள். மூவாயிரத்துக்கும் கூடாது, முப்பதாயிரத்துக்கும் கூடாது.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோதே அதன் அடிப்படை இதுதான்: விளைவித்தவர் மட்டும் விற்க வேண்டும். கடைக்கு வாடகை இல்லை, தராசு சந்தையே கொடுக்கும், நடுவில் கமிஷன் இல்லை. இத்தனை சலுகையும் அந்த அட்டைக்குள் இருக்கிறது. அதனால்தான் அதற்கு விலை பேச ஆள் வருகிறார்கள்.

வியாபாரி கேட்பது இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, அட்டையை வாங்கிக்கொண்டு "தம்பி, மச்சான்" என்று சொல்லி அவர் ஆளை உட்கார வைப்பது. இன்னொன்று கொஞ்சம் நாகரிகமானது. நீங்களே உட்காருங்கள், சரக்கு நான் இறக்குகிறேன், நாள் கூலி தருகிறேன் என்பார். இரண்டிலும் ஆய்வு வந்தால் ரத்தாவது உங்கள் அட்டைதான். அவருக்கு அடுத்த வாரமே வேறோர் அட்டை கிடைத்துவிடும். உங்களுக்கோ, சொந்தக் காய் வண்டி வண்டியாக வரும் நாளில் உள்ளே இடம் இருக்காது.

மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. விதைக்கும் உரத்துக்கும் வாங்கியிருந்தால், சந்தை விதிகளைவிட அதுதான் உங்களைக் கட்டிப்போடும். "காய் முழுவதும் எங்களுக்கே" என்று வாய்ப்பேச்சாக ஒரு வரி இருக்கும், கணக்குத் தீரும்வரை சந்தைக்கு ஒரு கூடைகூட எடுத்துப்போக விடமாட்டார்கள். வாங்கியிருந்தால் மீதி எவ்வளவு என்று இந்த வாரமே துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அடுத்து வெங்காயம். விற்கலாம், ஆனால் அட்டையில் ஏற்றிய பிறகுதான். பயிர், சர்வே எண், எத்தனை சென்ட், நட்ட தேதி இவற்றை எழுதி உழவர் சந்தை நிர்வாக அலுவலரிடம் மனு கொடுங்கள். ஆய்வுக்கு வருபவர் பயிரை நிலத்தில் பார்க்க வேண்டும், அதனால் வெங்காயத் தாள் பச்சையாக நிற்கும்போதே அழைத்துவிடுங்கள். தாள் சாய்ந்து, பிடுங்கி, பட்டறை போட்டுச் சேமித்த பிறகு வந்தால் வெறும் காட்டையும் பட்டறையையும் பார்த்து, "இது உங்கள் வெங்காயம்தானா?" என்பார். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். சின்ன வெங்காயம் 65 முதல் 90 நாளில் வந்துவிடும். மனு போட்டதும் அலுவலர் வந்துவிடுவார் என்று நம்பி இருக்காதீர்கள். அவருக்கு வேறு வேலைகளும் இருக்கும், நாற்பதாம் நாளிலேயே மனு போய்விட வேண்டும்.

சிக்கல் குத்தகையில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அட்டை கிடைக்காமல் போகும் உண்மையான விவசாயிகளில் நிறையப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது என்று சொல்லும். யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்பது அடங்கலில் வரும். சந்தைக்குத் தேவை இரண்டாவது விவரம். ஆகவே குத்தகைக்காரருக்கு அட்டை கிடையாது என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. ஆனால் நில உடைமையாளர் உங்கள் பெயர் அடங்கலில் ஏற ஒப்புக்கொள்ள மாட்டார். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர் மனதில் இருக்கும். ஒருமுறை பெயர் ஏறினால் பிறகு உங்களை நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது என்று பயப்படுவார். 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றவே தனிச் சட்டம் வந்தது. வாய்மொழிக் குத்தகையில் இருப்பவர்களில் யார் அந்தப் பக்கம் போகிறார்கள்?

அதனால் அவரிடம் பெயர் மாற்றம் கேட்காதீர்கள், ஒரு கடிதம் கேளுங்கள். "இன்ன சர்வே எண்ணில் இத்தனை சென்டில் இந்தப் பருவத்துக்கு இவர் சின்ன வெங்காயம் சாகுபடி செய்கிறார், விளைபொருளை விற்க எனக்கு ஆட்சேபணை இல்லை." அவ்வளவு போதும். பருவத்தின் தொடக்க, முடிவு மாதங்களை எழுதினால் அவருக்கும் பயம் குறையும். அதோடு அவருடைய சிட்டா நகல், ஆதார் நகல், கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்று ஆகியவற்றை வைத்துக் கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் "உடைமையாளர் நேரில் வரட்டும்" என்றால் கூட்டிப் போய்விடுங்கள், வாதாடி ஒரு வாரத்தை இழக்காதீர்கள். சிட்டா அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது. அதை நீங்கள் காசு கொடுத்து அச்செடுத்து இன்னோர் அரசு அலுவலகத்தில் நீட்ட வேண்டும். ஏன் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அலுவலக வாசலில் "இரண்டாயிரம் கொடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் நிற்பார். அட்டைக்குக் கட்டணமே கிடையாது.

பக்கத்துத் தோட்டத்துத் தக்காளி வேண்டாம். அவர் தனியாக அட்டை வாங்கட்டும். மகளிர் குழு, மலைக்காய்கறி என்று சில சந்தைகளில் தனி ஏற்பாடுகள் உண்டு, அவை உங்களுக்குப் பொருந்தா. பிடிபடுவது எப்படி என்றும் தெரிந்துகொள்ளுங்கள், கணக்கிலேயே தெரிந்துவிடும். வீரிய ஒட்டு அல்லாத ரகக் கத்திரி ஏக்கருக்குப் பத்து, பன்னிரண்டு டன் காய்க்கும். இருபது சென்டில் இரண்டு டன் சொச்சம். நாலைந்து நாளுக்கு ஒருமுறை, இருபது பறிப்பு என்றால் பறிப்புக்கு நூறு கிலோ சுமார். அந்த இருபது சென்டை வைத்துக்கொண்டு தினமும் எண்பது கிலோ இறக்குபவர் மீது சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

இதே கணக்கைத்தான் உள்ளே அட்டையோடு உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் மேலும் போட வேண்டும். சமவெளிக் காட்டு அட்டையில் கேரட் எப்படி வரும்? காம்பைப் பாருங்கள். விடிகாலையில் பறித்த கத்திரியின் காம்பு பச்சையாக, முள் குத்துகிற மாதிரி இருக்கும். மண்டி வழியாகச் சுற்றி வந்ததில் காம்பு சுருங்கிப் பழுப்பேறியிருக்கும். சண்டை போடாதீர்கள். கடை எண், தேதி, காய், தோராய எடை நான்கையும் மூன்று நாள் குறித்து, "இந்த அட்டைக்குரிய நிலத்தை ஆய்வு செய்யக் கோருகிறேன்" என்று எழுதுங்கள். ஒன்று நிர்வாக அலுவலருக்கு, ஒன்று விற்பனைக்குழுச் செயலாளருக்கு, தேதியிட்ட ரசீதோடு. நகர்வில்லை என்றால் ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் அதே மனு. "வியாபாரிகளை வெளியேற்றுங்கள்" என்று பொதுவாக எழுதினால் "ஆய்வு செய்யப்பட்டது" என்று பொதுவாகவே பதில் வரும்.

வாசலுக்கு வெளியே இருப்பவர்கள் வேறு விஷயம். மதிற்சுவருக்கு அப்பால் நிர்வாக அலுவலருக்கு அதிகாரம் இல்லை, சாலை உள்ளாட்சியுடையது. 2014-இன் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்று வைத்திருப்பவரை நினைத்த மாத்திரத்தில் துரத்த முடியாது, துரத்தவும் கூடாது, அதுவும் ஒரு பிழைப்புத்தான். வாசலை அடைத்து நிற்பதை மட்டும் நகர்த்தச் சொல்லி உள்ளாட்சி ஆணையரிடம் கேட்கலாம்.

ஆனால் அந்த ஆறு ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உழவர் சந்தை விலை பொதுவாக மொத்த விலையைவிட 20 சதவீதம் கூட, சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்ற அளவில் அன்றன்று நிர்ணயமாகும். மண்டியில் 25 என்றால் உள்ளே விலைப்பலகையில் 30. வெளியே 24. மண்டி விலைக்கும் கீழே விற்றால் அது நேற்றைய காய், அல்லது இரண்டாம் தரம், அல்லது எடையில் கைவைத்தது. 850 கிராமைக் கிலோ என்று 24-க்குக் கொடுத்தால் உண்மை விலை 28 ரூபாய்க்கு மேல். எடையில் சந்தேகமிருந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளருக்குப் புகார் கொடுக்கலாம். நான்காவதாக ஒரு வழியும் உண்டு: விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று, "எதுக்கு உட்கார்ந்து விற்கிறீங்க, மொத்தமா கொடுங்க" என்று விவசாயியிடமே 20-க்கு வாங்கிய காய். உங்கள் காய்க்கு உங்கள் காயே போட்டி. அந்த ஆளுக்கு ஒரு கூடைகூடக் கொடுக்காதீர்கள்.

நீங்களும் 24-க்கு இறங்க வேண்டியதில்லை. மண்டியில் 25-க்குப் போனால் நூற்றுக்குப் பத்து கமிஷன் போகக் கையில் 22.50, அதிலும் இறக்குக்கூலி போகும். 30-க்கு விற்பதில் ஏழரை ரூபாய் இடைவெளி இருக்கிறது. காட்டிலேயே தரம் பிரித்து, முதல் தரத்தைப் பலகை விலைக்கு வையுங்கள். சொத்தை தவிர்த்த கோணல் காயைத் தனிக் கூடையில், ஒன்பது மணிக்கு மேல், 24-க்கு வையுங்கள். பலகை விலைக்கு மேலேதான் விற்கக் கூடாது.

பத்துப் பேர் கத்திரிக்கு நடுவில் விலையால் ஜெயிக்க முடியாது, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே விலை. வெண்டையை ஒரே நாளில் விதைக்காமல் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாகப் போடுங்கள். ஐந்து சென்டில் சிறுகீரை, தண்டுக்கீரை வையுங்கள். சிறுகீரை இருபத்தைந்து நாளில் வந்துவிடும். கீரை வாடும், கழிவு அதிகம், கட்டுக் கட்ட ஆள் வேண்டும். வியாபாரி அதைத் தொடத் தயங்குவதே அதனால்தான். கீரைக்கு வருபவர் கத்திரியும் வாங்கிப் போவார். அதையும் வெங்காயத்தோடு ஒரே மனுவில் சேர்த்துவிடுங்கள், இரண்டு முறை ஆய்வுக்கு அலைய வேண்டாம்.