ஓ-ஃபாஸ்ட் போட்டதும் சராசரி எங்கே போனது?

கேள்வி: 2010-லிருந்து மழைமானிகள் பதிந்த அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்க சி-யில் ஒரு நிரல் எழுதினேன். அதை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரில், நிரலை வேகமாக்கும் ஓ3 என்ற தேர்வைப் போட்டால் சரியான விடை. ஓ-ஃபாஸ்ட் போட்டால் பாதி நேரத்தில் முடிகிறது, ஆனால் சராசரிக்குப் பதிலாக ‘நான்’ (NaN, ‘எண் அல்ல’ என்ற குறி) என்று வருகிறது. கம்பைலரில் கோளாறா? (மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: கம்பைலர் மேல் பழி போடாதீர்கள் தம்பி. ஓ-ஃபாஸ்ட் பார்க்க ஓ3-க்கு அடுத்த படி மாதிரி இருக்கும், ஆனால் அது கூடவே ஃபாஸ்ட்-மேத் என்ற தேர்வு மூட்டையையும் கொண்டுவந்து இறக்குகிறது. ஃப்ளோட்டிங் பாயின்ட் (தசம எண்) கணக்குக்கு 1985-ல் வந்த ஐஇஇஇ 754 விதிகளை ரொம்பப் பார்க்க வேண்டாம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

நம்ம பக்கம் புயல் அடிக்கிற ராத்திரியில்தான் கருவியும் செத்துப்போகும். அந்த மணிநேரங்களில் எண்ணுக்குப் பதில் ‘நான்’ பதிவாகியிருக்கும் (தமிழில் படித்தால் கொஞ்சம் திமிராகத்தான் இருக்கிறது). அதைத் தாண்டிப் போக இஸ்-நான் என்று ஒரு வரி வைத்திருப்பீர்கள். மூட்டைக்குள் இருக்கும் ஃபைனைட்-மேத்-ஒன்லி, அப்படி ஒன்று வரவே வராது என்று கம்பைலருக்கு உறுதி கொடுக்கிறது. வராததை எதற்குச் சோதிப்பது என்று அது அந்த வரியையே தூக்கிவிட்டது. அப்புறம் ஒரே ஒரு நான் உள்ளே புகுந்தால் போதும், மொத்தமும் நான்தான்.

சரி, வேகம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கூட்டும் வரிசையை மாற்றியதில். 0.1, 0.2, 0.3 மூன்றையும் டபுளில் (சி-யின் ஒரு தசம எண் வகை) கூட்டிப் பாருங்கள்: முன்னிரண்டை முதலில் கூட்டினால் 0.6000000000000001, பின்னிரண்டை முதலில் கூட்டினால் 0.6. அதனால்தான் ஓ3 வரிசையைத் தொடாமல் ஒவ்வொன்றாகக் கூட்டுகிறது. வரிசையை விட்டுக்கொடுத்தால் ஒரே நேரத்தில் பல எண்களை அள்ளிக் கூட்டும். மழைக் கணக்கில் பதினாறாவது இலக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள், இந்த விட்டுக்கொடுப்பு உங்களுக்கு நஷ்டமில்லை.

அதனால் ஓ3-யே இருக்கட்டும், கூட்டல் உள்ள அந்த ஒரு கோப்புக்கு மட்டும் கூட்டும் வரிசையை மாற்ற அனுமதிக்கும் அசோசியேட்டிவ்-மேத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே நோ-சைன்ட்-ஸீரோஸ், நோ-டிராப்பிங்-மேத் இரண்டும் வேண்டும், இல்லையென்றால் ஜிசிசி அதை ஒதுக்கிவிடும். ஓ-ஃபாஸ்ட்டை மறந்துவிடலாம், இன்னொரு கம்பைலரான கிளாங்கே 19-ஆம் பதிப்பிலிருந்து அதைப் போட்டால் எச்சரிக்கிறது.

மாற்றியதும் 2011 டிசம்பர் 30, தானே புயல் கரை கடந்த நாளின் அளவுகளை மட்டும் தனியே ஓட்டி, பழைய ஓ3 விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.