சமீபத்தில் என்ன புத்தகம் படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் என்ன படிக்கிறீர்கள்?

குடும்ப நாவல்களாகவே படிப்பதால் கூச்சம் என்று கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், அதுவும் நாலு பேர் முன்னால். இந்தக் கூச்சம் யாருக்கும் தானாக வருவதில்லை. எனக்கும் ஒருவர் சொன்னார், அதனால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். இப்போது கையில் மூன்று ஓடுகின்றன. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, சார்லஸ் டார்வினின் தன்வரலாறு, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் பழைய துப்பறியும் நாவலான ‘கும்பகோணம் வக்கீல்’. முதல் இரண்டையும் சொல்லும்வரை எதிரே இருப்பவர் தலையாட்டுவார். மூன்றாவதில் நின்றுவிடும்.

நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, அந்த மாதம் படித்ததைப் பேசிக்கொள்வோம். என் முறை வந்தபோது வடுவூராரைச் சொன்னேன். திகம்பர சாமியார் என்று துப்பறியும் சாமியார் ஒருவர் வருகிறார், 1950இல் அவர் பெயரிலேயே படம் வந்து நம்பியார் மாறி மாறி வேடம் போட்டு நடித்தார் என்று கொஞ்சம் உற்சாகமாகவே ஆரம்பித்தேன். மூத்த நண்பர் ஒருவர் குறுக்கிட்டு, “சரி, அது பொழுதுபோக்கு. படிப்பு என்று ஏதாவது நடக்கிறதா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து அவர் தன் பட்டியலை வாசித்தார். நல்ல நீளம். ஒவ்வொரு புத்தகத்தைப் பற்றியும் அவர் சொன்னது “முக்கியமான நூல்” என்பது மட்டுமே. அதில் யார் வருகிறார்கள், என்ன ஆகிறார்கள், எந்த இடத்தில் இவருக்குத் தூக்கம் போனது, ஒன்றும் தெரியவில்லை. அங்கே நான் வாய் திறக்கவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

‘என் சரித்திர’த்தில் இதே கேள்வி வருகிறது. வருடம் 1880. சாமிநாதையருக்கு வயது 25, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று இவர் அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்கில் பாடம் கேட்டவர், பட்டியல் சின்னதாகவா இருக்கும்? முன்சீபிடம் ஒரு அசைவும் இல்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்கிறார். சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? இவர் எதையும் படித்ததில்லை. இவருடைய ஆசிரியரே படித்ததில்லை.

இந்தச் சந்திப்பைத் தமிழின் திருப்புமுனை என்று சொல்வார்கள். நியாயம்தான். 1887இல் சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அவர் பதிப்புகள் வந்த கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் நான் நின்றுவிடுவது அதற்கு முன்னால். இவ்வளவு சொல்லியும் முதலியாருக்குத் திருப்தி வரவில்லையே என்று அந்த இளைஞர் உள்ளுக்குள் தவிக்கிற இடம். அறுபது வருடம் கழித்து, 85 வயதில் ஆனந்த விகடனுக்குத் தொடராக எழுதும்போதும் அது அவருக்கு மறக்கவில்லை. தமிழ்த் தாத்தாவுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு வருகிற கூச்சம் எம்மாத்திரம்? ஒரு வித்தியாசம் உண்டு. முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைக் கையில் கொடுத்து, எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்று உட்கார்ந்தவர். என் நண்பர் எனக்கு எந்தப் புத்தகமும் தரவில்லை.

அப்புறம் டார்வின். 1838 முதல் 1860 வரை படித்தவை, படிக்க வேண்டியவை என்று குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்ட மனிதர், ஆகவே பட்டியல்காரர்கள் இவரைத் தள்ளிவிட முடியாது. தன்வரலாற்றை 1876இல் எழுதினார். அச்சில் வந்தது அவர் இறந்த பிறகு, 1887இல், சிந்தாமணி வந்த அதே வருடம். (இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கண்ணில் பட்டது, சொன்னேன்.) வயதான பிறகு கவிதையில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை, ஷேக்ஸ்பியர் குமட்டும் அளவுக்குச் சலிக்கிறது என்று அதில் எழுதுகிறார். ஆனால் நாவல் என்றால் உயிர். வீட்டில் யாராவது வாசிக்க, இவர் கேட்டுக்கொண்டிருப்பார். உயர்ந்த தரத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முடிவு மட்டும் சோகமாக இருக்கக்கூடாது, அப்படி முடிப்பதற்கு எதிராகச் சட்டமே கொண்டுவர வேண்டும் என்கிறார். உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றி எழுதியவர் சொல்வது இது! உங்கள் குடும்ப நாவல்களின் கடைசி அத்தியாயம் அவருக்கு நிச்சயம் பிடித்திருக்கும்.

பாதியைச் சொல்லி மீதியை மறைக்கிறாய் என்று யாராவது வருவதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். கவிதையின் ருசி போனதை டார்வின் இழப்பாகத்தான் சொல்கிறார். மறுபடி வாழக் கிடைத்தால் வாரம் ஒருமுறையாவது கவிதை படிப்பேன் என்கிறார். எல்லாப் புத்தகமும் ஒரே தரம் என்று நானும் சொல்லவில்லை. வடுவூரார் கதையை நிறுத்திவிட்டு உபதேசத்தில் இறங்கினால் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். இலக்கியத்துக்கு நான் விரோதி இல்லை. இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் பதில் எழுதுவதுபோல எழுத வேண்டியிருக்கிறதே, அதுதான் எரிச்சல்.

பரீட்சை எழுத வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள், பழைய நூல்களை மின்னூலாக்கி விற்பவர்கள். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்துவிட்டால் நூல் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், மின்னூலாக விற்கலாம். நல்ல விஷயம். அதற்காகப் பழைய புத்தகத்தை, அச்செழுத்தைத் தானே படித்துத் தட்டச்சாக மாற்றும் இயந்திரத்தில் காட்டி, அது கக்கியதை ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் விற்பதா? இயந்திரத்துக்கு ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுதான். மரம் ‘மாம்’ ஆகிவிடுகிறது, கரம் ‘காம்’ ஆகிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய ஒரு பழைய துப்பறியும் நாவலில் ‘மாத்தடியில்’ ஏதோ கிடந்தது என்று வந்தது. அது ஏதோ துப்பு போலிருக்கிறது என்று முந்தைய அத்தியாயங்களையெல்லாம் போய்த் தேடினேன். முதல் பதிப்பு எந்த வருடம் என்றும் போடவில்லை. போட்டிருந்தது பதிப்பாளர் எழுதிய முன்னுரை மட்டும், அதில் பிழையே இல்லை.

அடுத்து வடுவூராரின் ‘மேனகா’வை எடுத்து வைத்திருக்கிறேன். இந்தமுறை மின்னூல் வேண்டாம் என்று பழைய அச்சுப் பிரதியாகத் தேடிப் பிடித்தேன். நீங்கள் படிக்கிற குடும்ப நாவல்களில் நன்றாக இருப்பது எது என்று சொல்லுங்கள், அதற்கு அடுத்து அதை எடுக்கிறேன்.