வணிகச் செய்தியாளர் நிறுவன நிர்வாகியாக மாறுவது எப்படி?

பத்திரிகையில் வணிகச் செய்தி எழுதியவருக்கு நிறுவனத்தில் உயர்பொறுப்பு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில், நிதிநிலை அறிக்கையை வாசிக்கத் தெரிவதுதான் முதல் காரணம். லாபம் கூடியிருக்கிறது, கைக்கு வந்த பணமோ குறைந்திருக்கிறது, ஏன்? இப்படிக் கேட்டே பழகியவர் அவர். அதே கேள்வியை உள்ளே இருந்து கேட்க நிறுவனத்துக்கும் ஆள் தேவை.

பெரும்பாலோர் தகவல் தொடர்பு (நிறுவனத்தின் சார்பில் ஊடகங்களிடம் பேசுவது), முதலீட்டாளர் உறவு (பங்குதாரர்களுக்கு விளக்கம் தருவது) ஆகிய பிரிவுகள் வழியாக நுழைகிறார்கள். வேறு பாதையும் உண்டு. டைம் இதழின் செய்தியாளராக ஆப்பிளைப் பற்றி எழுதிய மைக்கேல் மோரிட்ஸ், 1986-இல் செக்கோயா கேப்பிட்டல் முதலீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். 1999-இல் செக்கோயாவும் கிளைனர் பெர்கின்ஸ் என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனமும் கூகுளில் 2.5 கோடி டாலர் முதலீடு செய்தபோது செக்கோயா தரப்பில் முன்நின்றவர் அவர்தான். கூகுளின் இயக்குநர் குழுவிலும் இடம்பெற்றார்.

கடினமானது மனமாற்றம்தான். தெரிந்ததை வெளியிடுவதே தொழிலாக இருந்தவர், பங்கு விலையை அசைக்கும் தகவலை முறையான அறிவிப்பு வரும்வரை வீட்டில்கூட வாய்திறந்து சொல்லக்கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஒரு நிறுவனத்துடன் வேலைப் பேச்சு தொடங்கிய அன்றே பத்திரிகை ஆசிரியரிடம் தெரிவித்துவிட்டு, அந்த நிறுவனத்தைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிடுங்கள். தாமதித்தால் நேர்மையாக எழுதிய பழைய செய்திகள் மீதும் சந்தேகம் விழும்.