எண்ணெய் வயல் சேவை நிறுவனங்கள்: கேள்வி பதில்

எண்ணெய்க் கிணற்றில் இறக்கிய உறைக்குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமென்ட் இட்டு அடைக்கும் பணியில் நெடுங்காலம் இருந்த பொறியாளர் ஒருவர், உறுப்பினர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

சேவை நிறுவனத்துக்குக் கிணற்றில் பங்கு உண்டா?

பொதுவாக இல்லை. எண்ணெய் அரசுக்கோ உரிமம் பெற்ற நிறுவனத்துக்கோ சொந்தம். துளையிடும் இயந்திரத் தளமான ரிக்கும் பெரும்பாலும் மூன்றாவது ஒருவருடையது. சேவை நிறுவனம் தன் ஆட்களையும் கருவிகளையும் பணிக்குத் தந்து கூலி பெறுகிறது. ஹாலிபர்ட்டன் 1919-இல் சிமென்ட் பணியோடு தொடங்கியது. ஸ்லம்பர்ஜே சகோதரர்களின் குழு 1927 செப்டம்பரில் பிரான்சின் பெஷல்புரோன் வயலில் கிணற்றுக்குள் பாறையின் மின்தடையை அளந்து முதல் பதிவை எடுத்தது.

அனுபவம் இல்லாதவருக்கு வேலை கிடைக்குமா?

கிடைக்கும். நிறுவனங்களின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில் விண்ணப்பியுங்கள். முன்பணம் கேட்கும் முகவருக்கு ஒரு காசும் தராதீர்கள்.

கிணற்றின் அடியிலிருக்கும் கருவி, கம்பி இல்லாமல் மேலே எப்படித் தகவல் அனுப்புகிறது?

நல்ல கேள்வி. துளையிடும்போது மேலிருந்து செலுத்தும் சேற்றுக் கலவை குழாய்க்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அடியிலுள்ள ஒரு வால்வு அந்த ஓட்டத்தை இடையிடையே நெரித்து அழுத்தத்தில் சிறு அலைகளை உண்டாக்க, மேலே உள்ள உணரி அவற்றைப் படித்து, துளையின் சாய்வையும் திசையையும் பாறையின் கதிர்வீச்சையும் எண்களாக மாற்றித் தருகிறது. வேகம் வினாடிக்குச் சில பிட்டுகள், மிஞ்சினால் சில பத்துகள். எனவே எதை உடனே அனுப்புவது, எதைக் கருவியின் நினைவகத்தில் வைத்துப் பின்னர் எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். கம்பி பொதிந்த குழாய் இதைவிட மிக வேகமானது, செலவும் அதிகம்.

நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடின் நாற்றம் நின்றுவிட்டால் வாயு கலைந்துவிட்டது என்று கொள்ளலாமா?

கூடவே கூடாது. மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கே மரத்துப்போகும். அதன்பின் நாற்றம் இல்லாததுதான் அபாயம். அந்த வாயு காற்றைவிடக் கனமானதால் பள்ளங்களில் தங்கும். எச்சரிக்கை மணி ஒலித்தால் காற்றுக்கு எதிர்த்திசையில், மேட்டை நோக்கிச் செல்லுங்கள். மூக்கை நம்பாதீர்கள்.

ஒரு பிராந்தியத்துக்குப் புதிதாக வரும் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பை எதைக் கொண்டு அளப்பது?

பள்ளிக்கு அடித்த வண்ணத்தையும் மரம் நட்ட படத்தையும் ஓரமாக வையுங்கள். அவை தீயவை அல்ல. ஆனால் ஒப்பந்தம் முடிந்த மறுமாதமே நின்றுவிடக்கூடியவை. தளத்துக்குள் சென்று, சிமென்ட் ஆய்வகத்தில் கலவை கெட்டியாகும் நேரத்தைச் சோதித்துக் கையொப்பமிடுபவர் யார், பம்புகளைப் பிரித்துப் பூட்டுபவர் யார், கதிரியக்க மூலங்களின் பாதுகாப்பு அறைக்குப் பொறுப்பாளர் யார் என்று பாருங்கள். சில ஆண்டுகள் கழித்தும் உள்ளூர் மக்கள் ஓட்டுநர்களாகவும் காவலர்களாகவும் மட்டுமே இருந்தால், அறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும் பொறுப்பு நிறைவேறவில்லை என்றே சொல்வேன். இதனால்தான் நைஜீரியா 2010-இல் உள்ளூர்ப் பங்களிப்பைச் சட்டமாகவே இயற்றியது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. பெயரளவுக்கு ஓர் உள்ளூர்க் கூட்டாளியைக் காட்டிவிட்டு வேலையை வெளியாரே செய்யும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

டிப்ளமோ படித்தவருக்கு வேலை…

மேலே சொல்லிவிட்டேன். முன்பணம் தராதீர்கள்.

சிமென்ட் கெட்டால் சிமென்ட் போட்டவர்தானே பொறுப்பு? மக்கோண்டோவில் அதுதானே நடந்தது?

அவ்வளவு எளிதல்ல. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவிலிருந்த மக்கோண்டோ எண்ணெய்க் கிணறு வெடித்து 11 பேர் இறந்தனர். கிணற்றை நடத்தியது பிபி எண்ணெய் நிறுவனம், ரிக் டிரான்ஸ்ஓஷனுடையது, சிமென்ட் ஹாலிபர்ட்டனுடையது. எண்ணெயும் வாயுவும் மேலேறுவதைச் சிமென்ட் தடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கிணற்றின் அழுத்தத்தைக் குறைத்துச் சிமென்ட் தாங்குகிறதா என்று பார்க்கும் எதிர்அழுத்தச் சோதனையின் முடிவு தவறாகப் படிக்கப்பட்டது. சிமென்ட்டின் பிடிப்பை அளக்க ரிக்குக்கு வந்திருந்த குழுவும் வேலை செய்யாமலேயே திருப்பி அனுப்பப்பட்டது.

மறுக்கிறேன். கலவை நிலையற்றது என்று ஆய்வகத்துக்கே முன்பு தெரிந்திருந்தது. நீங்கள் உங்கள் தொழிலைக் காக்கிறீர்கள்.

கலவையை நான் காக்கவில்லை. சாதகமற்ற சோதனை முடிவை வாடிக்கையாளரின் முன் உரக்கச் சொல்லாதது சேவை நிறுவனத்தின் குற்றமே. ஹாலிபர்ட்டன் விபத்துக்குப் பிந்தைய சான்றுகளை அழித்ததாக 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டதையும் நீங்கள் சேர்த்துச் சொல்லலாம். இருந்தும் 2014-இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் பொறுப்பைப் பிபிக்கு 67, டிரான்ஸ்ஓஷனுக்கு 30, ஹாலிபர்ட்டனுக்கு 3 விழுக்காடு எனப் பிரித்தது. முடிவெடுக்கும் அதிகாரம் இருந்த இடத்திலேயே பெரும்பங்கு விழுந்தது.

மூன்று விழுக்காடு நியாயமா?

குறைவு என்றே எண்ணுகிறேன். ஆனால் அதை முப்பதாக்கினால், கிணற்றின் உரிமையாளர் சோதனையைக் கவனமாகப் படிக்க வேண்டிய கட்டாயம் தளரும். சேவை நிறுவனத்துக்குப் பணியை நிறுத்தும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதைப் பயன்படுத்துபவருக்குத் தாமதக் கட்டணம் விதிக்காமல் இருப்பதே மேல். ரிக்கின் நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கையில் வேலையை நிறுத்தச் சொல்ல இளம் பொறியாளருக்கு அத்தகைய எழுத்து வேண்டும்.

நீரழுத்தப் பாறைப் பிளவு நிலநடுக்கம் உண்டாக்குமா?

புவியியலாளரிடம் கேளுங்கள், என் துறை உறைக்குழாயும் சிமென்ட்டும்.

வேலைக்கு முகவர் ஒருவர் பாதுகாப்புப் பயிற்சிக் கட்டணம் என்று கேட்கிறார். அது முன்பணம் ஆகாதல்லவா?

ஆகும். தராதீர்கள்.