ரெண்டு கம்பும் ஒரு கயிறும்

அண்ணாச்சி, முட்டம் பக்கத்துல கடற்கரை ஊரு எனக்கு. கடல் உயிரியல்ல எம்.எஸ்சி. முடிச்சிருக்கேன், பிஹெச்டி பண்ண ஆசை. எங்க ஊர்க் கடல்ல புதுசா ஆராய என்ன இருக்கு, அண்டார்டிகா மாதிரி இடத்துக்குப் போனாத்தான் பேரு கிடைக்கும்னு தோணுது. அப்பா மீன்பிடிக்கிறவரு, படிக்காதவரு, சொன்னா புரியாது. பொம்பளப்பிள்ள கப்பல்ல போவக்கூடாதுன்னு அம்மா சொல்றா. இங்கிலீஷும் தடுமாறுது. எங்க சேரலாம், என்ன தலைப்பு எடுக்கலாம்?

மக்ளே,

உன் மெயில் வந்த அன்னைக்கு நானும் இதையேதான் யோசிச்சுட்டிருந்தேன். கடலரிப்பு பத்தின ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன், அங்க ஒருத்தர் கரையே போச்சுங்கறாரு, ஊர்ப்பெரியவரு ஒருத்தர் போன மணலு தையில வந்துரும்ங்கறாரு, மணிக்கணக்கா சண்டை, ஆனா ஒருத்தர் கையிலயும் ஒரு அளவு கிடையாது.

இங்கிலீஷ் விஷயத்தை விடு, எழுத எழுத வரும். கடல் ஆராய்ச்சி நடக்குற இடம்னா விழிஞ்ஞம் இருக்கு, கொச்சி, பரங்கிப்பேட்டை, கோவா எல்லாம் இருக்கு. எங்க ஃபெல்லோஷிப் கிடைக்குதோ அங்க சேரு.

ஆனா எங்க ஊர்க் கடல்ல என்ன இருக்குன்னு எழுதினே பாரு, அதுக்கு உன்னைத் திட்டாம விட முடியாது. கடல்தண்ணியில வளந்த பிள்ள எழுதுற வார்த்தையா இது? ஆனி ஆடியில தண்ணி தணுத்துக் கிடக்கும், உனக்குத் தெரியும். ஏன்? கரையை ஒட்டி அடிக்கிற காத்து மேல்தண்ணியைத் தள்ளுது, பூமி சுத்துறதால அது கரையை விட்டு வெளிய விலகிப் போவுது, அந்த எடத்துக்கு அடியிலருந்து குளிர்ந்த தண்ணி ஊட்டச்சத்தோட மேல வருது, அதுலதான் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகுது, அதைத் தின்னுதான் சாளை, அதான் மத்தி மீனு, கொழுக்குது. இவ்வளவும் உங்க வீட்டு வாசலுக்கு முன்னால நடக்குது, நீ பனிக்கட்டியைத் தேடுற.

மணலையே எடுத்துக்கோ. ஆனி ஆடி அலை கரையிலருந்து மணலை அள்ளிக் கடலுக்குள்ள கொண்டு போடும், பொறவு கடல் அடங்கினதும் சின்ன அலை அதையே கொஞ்சங்கொஞ்சமா திருப்பிக் கொண்டுவரும். ஆடியில வந்து போட்டோ எடுத்தவனுக்கு அரிப்பு, மாசியில வந்தவனுக்குக் கரை வளந்துருக்கு. கடலுக்குள்ள கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவுன்னு சுவர் போட்டா ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அறுக்கும், சரி. எவ்வளவு? போன மணல்ல எவ்வளவு திரும்பி வரல? ஒரே எடத்துல, மாசாமாசம், வருஷக்கணக்கா அளந்தவங்கதான் இதுக்குப் பதில் சொல்ல முடியும்.

அளக்கக் கோடி ரூபா மெஷின் வேண்டாம். 1961-ல எமரின்னு ஒரு கடல் நிலவியல்காரர் ஒரு முறை எழுதி வச்சாரு. அளவு குறிச்ச ரெண்டு கம்பு, நடுவுல ஒரு கயிறு. கரைப்பக்கக் கம்புகிட்ட நின்னு, கடல்பக்கக் கம்போட உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி பாக்கணும். அந்தக் கோடு உன் கம்புல உச்சியிலருந்து எவ்வளவு கீழ விழுதோ, அவ்வளவுதான் கரையோட இறக்கம். ரிட்டயர் ஆன விஞ்ஞானி ஒருத்தர் எனக்குச் செஞ்சு காட்டினாரு. கயிறு ஈரத்துல நீளும்னு ஒவ்வொரு தடவையும் டேப் வச்சு சரிபாத்துட்டுத்தான் கம்பையே ஊனினாரு, அப்பிடி ஒரு கண்டிப்பு. இந்த வேலையில பேரு கிடைக்க நாளாவும். ஆனா கேரளாவுல 2012-ல கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைச்ச சாளை 2021-ல 3,300 டன்னுக்கு இறங்கிச்சுன்னு நமக்கு எப்பிடித் தெரியும்? பேரு தெரியாத ஆளுங்க துறைதுறையா நின்னு, இறங்குன மீனை விடாம கணக்கெழுதினதாலதான். நடுவுல நாலு வருஷம் அலுத்துப்போய் விட்டிருந்தா இன்னைக்கு வெறும் புலம்பல்தான் இருக்கும்.

அப்பாவுக்குப் புரியாதுன்னு இனிமே எங்கயும் எழுதாத. கணியம் பாக்குறதுன்னு கேள்விப்பட்டிருப்பே. கோயில் கோபுரத்தையும் பின்னால மலையையும் ஒரு கோட்டுல சேத்து, இன்னொரு பக்கம் இன்னொரு கோடு பிடிச்சு, ரெண்டும் வெட்டுற எடத்துல கடலுக்கடியில பார், அதான் பாறைத்திட்டு, கிடக்குன்னு கண்டுபிடிக்கிறாங்க இல்லியா, அந்தக் கண்ணு உள்ளவருக்கு எமரி முறை சொல்லிக் குடுக்க எவ்வளவு நேரமாவும்? மறுகம்பை அவரையே பிடிக்கச் சொல்லு. எந்த மாசம் எந்தப் பக்கம் நீவாடு, அதான் கடல் நீரோட்டம், இழுக்கும்னு அவரு சொல்றதைத் தேதி போட்டு நோட்டுல எழுது, பொறவு தீசிஸ்ல அவரு பேரையும் போடு. தலைப்பு கேட்டே, இதான் தலைப்பு.

அம்மாகிட்ட இதைச் சொல்லு: 1983-84-ல நம்ம நாட்டோட மூணாவது அண்டார்டிகா பயணத்துல அதிதி பந்த்னு ஒரு கடல் விஞ்ஞானி கப்பலேறிப் போனாங்க, கூட சுதீப்தா சென்குப்தான்னு ஒரு நிலவியல் விஞ்ஞானி. இங்கேருந்து அங்க ஆராய்ச்சிக்குப் போன முதல் பெண் விஞ்ஞானிங்க அவங்க ரெண்டு பேரும்தான். நீயும் ஒருநாள் போ, நான் தடுக்கல. அம்மாவுக்கு அப்பவும் மனசு வரலன்னா எனக்கு ஒரு வரி எழுது, ஊருக்கு வந்து நானே பேசுறேன்.