ஒப்புக்கொண்ட பிறகு

அன்புள்ள சார்,
தனியார் துப்பறிவாளர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கொலை செய்தேன் என்று பையனே சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டால், அப்புறம் துப்பறிய என்ன இருக்கிறது? காசு வாங்கிக்கொண்டு குற்றவாளியைக் காப்பாற்றுவதுதானே அது?
செ., மதுரை

அன்புள்ள செ.,

ஒப்புக்கொண்ட பையன் என்றால்தான் ஒருமுறைக்கு நாலுமுறை பார்க்க வேண்டும் என்பேன். பீட்டர் ரெய்லி வழக்கைச் சொல்கிறேன்.

1973 செப்டம்பர் 28, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம். 18 வயது ரெய்லி, பக்கத்து ஊர் சர்ச்சில் இளைஞர் கூட்டம் முடிந்து காரில் வீடு திரும்புகிறான். அம்மா ரத்த வெள்ளத்தில் கிடக்கிறார், கழுத்து அறுபட்டு, தொடை எலும்புகள் முறிந்து. உதவி கேட்டு போன் செய்தவனே அவன்தான். அவன் உடையில் ரத்தம் இல்லை. அவனுக்கு அந்த அம்மாவை விட்டால் வேறு யாரும் கிடையாது. அழக்கூட விடாமல் அன்றிரவே போலீஸார் அவனைக் கொண்டுபோனார்கள். மறுநாள் பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைத்து, நீ தோற்றுவிட்டாய், செய்ததை மறந்திருக்கிறாய் என்று மணிக்கணக்கில் சொல்லச் சொல்ல, அவனுக்கே தன் ஞாபகத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அடி இல்லை, உதை இல்லை. கையெழுத்துப் போட்டான். சீக்கிரமே மறுத்தும் விட்டான், யார் கேட்டது? 1974-ல் 6 முதல் 16 ஆண்டுவரை தண்டனை.

அதே மாநிலத்தில் வாழ்ந்த நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் இதில் இறங்கினார். புது வக்கீல் வந்தார், ஜேம்ஸ் கான்வே என்ற தனியார் துப்பறிவாளரும் வந்தார். இந்த வழக்கில் எல்லாமே நேரக் கணக்குதான்: சர்ச்சிலிருந்து கிளம்பியது எப்போது, வீட்டுக்கு எவ்வளவு தூரம், முதல் போன் எத்தனை மணிக்கு. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது சில நிமிஷம். அதற்குள் அப்படியொரு கொலையைச் செய்து, கழுவி, உடை மாற்ற முடியுமா? ஒரு கையெழுத்தை நம்பி யாரும் போடாத கணக்கு இது. இதைப் போடுகிறவருக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

1976-ல், தண்டனை கொடுத்த அதே நீதிபதி, பெரிய அநீதி நடந்துவிட்டது என்று மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். அப்புறம் அரசு வக்கீல் இறந்துபோக, அடுத்து வந்தவர் கோப்பைப் புரட்டினால் உள்ளே ஒரு வாக்குமூலம். கொலை நடந்த நேரத்தில் ரெய்லி பக்கத்து ஊரில் கார் ஓட்டிப் போனதைப் பார்த்ததாக, துணைக் காவலர் ஒருவரும் அவர் மனைவியும் சொன்னது. பையன் தரப்புக்கு அதைக் காட்டவே இல்லை! வழக்கு கைவிடப்பட்டது.

அந்த அம்மாவைக் கொன்றதற்காக இன்றுவரை வேறு யாரும் தண்டிக்கப்படவில்லை.